பால்: ஆண்

வெல்லாவெளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு, அப்பா சீனித்தம்பி எழுதிக்கொள்வது. நானும் பன்னிரண்டு மாடுகளும் சுகம். கனடாக் குளிரில் நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாக இருக்கக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றியப்பனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வைகாசியில் வரவா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். சின்னவளின் பள்ளிக்கூடம் கெடும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஒரு மானக்கேட்டைத் தவிர. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

மாடு விடுகிற ஏப்பத்தால் உலகம் சூடாகிறதாம். அதைக் குறைக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது. வைக்கோலோடு கிளிரிசிடியா இலையும் கலந்து போடு, சாணத்தைக் குழியில் அடைத்து வாயு எடுத்து அடுப்பெரி என்கிறார்கள். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. எங்கள் தான்தோன்றியப்பன் கோயில் கல் நந்தி அந்தக் காலத்தில் பறங்கியர் கண்முன்னே எழும்பிப் புல் தின்றதே, அது ஏப்பம் விட்டதா என்று மட்டும்தான் அவர்கள் இன்னும் கேட்கவில்லை. திட்டத்துப் பிள்ளை தனுஷியா போன மாதம் ஸ்கூட்டியில் வந்து, மாட்டுக்கு ஒன்றாக நிரப்பி வையுங்கள் என்று ஒரு கட்டுத் தாளைத் தந்துவிட்டுப் போனாள். பன்னிரண்டு மாடு, பதின்மூன்று தாள். மிஞ்சியது உரிமையாளருக்கு என்று எடுத்துக்கொண்டேன், மகள். பெயர், வயது, பால் என்று வரிசையாகக் கேட்டால் மனிதன் வேறென்ன நினைப்பான்? பெயர் சீனி என்றெழுதினேன், ஊரில் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். வயது எழுபத்தொன்று. பால் ஆண். உணவு ஒரு நேரம், அதுவும் பாதி. தூக்கம் குறைவு. ஏப்பம் உண்டு. வாயு, அதைக் கேட்காதே, நிறைய உண்டு. உன் அம்மா போய் இரண்டு வருஷத்தில் என்னை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை. கண் கலங்கி எழுத்தெல்லாம் கோணலாகிவிட்டது.

நேற்று அந்தப் பிள்ளை முடிவோடு வந்தாள்.

“ஐயா, மற்ற மாடெல்லாம் நல்லம். இந்தச் சீனி எண்ட நாம்பன் மாடுதான் சரியில்ல. எழுபத்தொரு மாசம், தீனி எடுக்குதில்ல, பாலும் இல்ல, வேலையும் இல்ல, சும்மா வாயுதான். கழிச்சு விட்டிருங்க. எங்க நிக்கிது?”

“உனக்கு முன்னாலதான் நிக்கிது, புள்ள,” என்றேன்.

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வளவில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ, மாடுகளே தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் போன பிறகு அந்தக் கோப்பையை உடனே கழுவ மனம் வரவில்லை.

ஆகவே மகள், நான் சுகம். நீ வீணாக அலைய வேண்டாம். மருமகனை விசாரித்ததாகச் சொல். சின்னவளுக்கு என் பேரில் நெற்றியில் ஒரு முத்தம். எல்லாரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கழிக்கப்படாத உன் அப்பா,
சீனித்தம்பி

பி.கு.: என் தாள் பதிவில் ஏறிவிட்டதால் நானே எல்லாவற்றையும் வெட்டித் திருப்பித் தரவேண்டுமாம். பெயரை வெட்டினேன், வயதை வெட்டினேன், வாயுவையும் வெட்டிவிட்டேன். ‘கூட்டத்தோடு சேர்தல்’ என்ற கட்டத்தில் ‘சேர யாருமில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அதை வெட்ட மட்டும் கை வரவில்லை. வைகாசியில் வா, மகள்.