இரட்டை அச்சு ட்ரெய்லரும் ஒற்றை முட்டையும்

ஒரு காட்டில், அதுவும் ரோடு காகிதத்தில் மட்டும் இருந்த காட்டில், பழனியாண்டி என்றொரு கரடி இரட்டை அச்சு ட்ரெய்லர் ஓட்டி வந்தது. பறவைகளின் முட்டைகளை மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பொரிப்பகத்தில் சேர்ப்பது அதன் தொழில். நடைக்கு நாலைந்து முட்டை உடையும். தாய்ப்பறவைகள் அழும். கரடியும் கூட நின்று அழுதுவிட்டு, மறுநாள் மறுபடி லோடு ஏற்றும்.

ஒருநாள் செங்கமலம் என்ற மயில் வந்தது. போன வருஷம் அது போட்ட மூன்று முட்டையும் இந்த வண்டியில்தான் உடைந்தன.

"இந்தத் தடவை இது ஒண்ணுதாண்ணே" என்றது.

கரடி அன்று லோடு ஏற்றாமல் வண்டியை நேரே சவரிமுத்து என்ற உடும்பின் பட்டறையில் கொண்டுபோய் விட்டது. மயிலும் பின்னாலேயே வந்து, பட்டறை வாசலில் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது.

உடும்பு அடியில் படுத்துப் பார்த்தது. கரடி பெரிய பக்திமான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு, கிரீஸ் அடிக்கும் துளை ஒன்று விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா? ஒன்பது வருஷச் சந்தனம் சிமெண்டாகிவிட்டது. உள்ளே சொட்டு கிரீஸ் போகாமல் ஸ்பிரிங் மூட்டுகளில் இருந்த புஷ் என்ற வளையமெல்லாம் தேய்ந்து, இரண்டு அச்சுக்கும் பாரத்தைப் பங்குபோட்டுத் தரும் நடு இரும்பு அசையாமல் இறுகிக் கிடந்தது.

"சாமிக்கு வச்சீங்க, சரி. வண்டிக்கு என்னண்ணே வச்சீங்க?" என்று கேட்டது உடும்பு.

மூன்று நாள் வேலை. சந்தனத்தை உளியால் பெயர்த்து, புது புஷ், புது ஸ்பிரிங் பட்டை போட்டு, நடு இரும்புக்குப் பதிலாக ரப்பர் வைத்ததை மாட்டியது. அடுத்த நடையில் ஒரு முட்டையில்கூடக் கீறல் இல்லை. மயிலின் குஞ்சும் பொரிந்தது. கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாதக் கடைசியில் ரோடு இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் என்ற நரி படிவத்தோடு வந்தது. அந்தக் காட்டில் ரோட்டின் லட்சணத்தை உடைந்த முட்டையை வைத்துத்தான் எழுதுவார்கள். இந்த மாதம் ஒன்றுமே உடையவில்லை. எல்லாம் புது ஸ்பிரிங்கால்தான் என்று கரடி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. ஸ்பிரிங்குக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றது நரி. "ரோடு மிக நன்று" என்று எழுதி ஃபைலை மூடியது. வந்துகொண்டிருந்த தார் மெஷின் பாதி வழியில் திரும்பிப் போயிற்று.

விடிந்ததும் கரடி வீட்டு முன்னால் கூட்டம். முள்ளம்பன்றியின் வண்டி அச்சு முறிந்திருந்தது, முயலுக்கு முன்பல் இரண்டும் போயிருந்தன. வந்த ரோட்டைக் கெடுத்தவன் கரடிதான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பழைய ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டி, ரோடு வரும்வரை நடைக்கு ஐந்து முட்டையாவது உடைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

"யார் முட்டை?" என்று கேட்டது கரடி.

செங்கமலம்தான் முதலில் வாயைத் திறந்தது. குஞ்சு அதன் இறக்கைக்குள் இருந்தது.

"எம்புள்ளை நாளைக்கு நடக்க ஒரு நல்ல ரோடு வேணாமாண்ணே?"

கரடி பழைய ஸ்பிரிங்கை மாட்டியது. அடுத்த மாதமே ரோட்டுக்கு அனுமதி கிடைத்தது.

நீதி: முதலில் உங்கள் முட்டை பொரியட்டும். பொதுநலம் அதன்பிறகு தானாக வரும்.