ஏழடி ஓக்கின் உண்மை உயரம்

நாகரிகம் எங்கே தொடங்கியது என்பது பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் அடிதடி தீரவில்லை. எங்கே முற்றுப்பெற்றது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். புளோரிடாவின் வளைகுடாக் கரையில், 'மஜெஸ்டிக் ஓக் டியூன்ஸ்' குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு மெர்ல் ஹாஸ்கெட் மூன்றாவது முறையாகப் போட்டியின்றித் தலைவரானாரே, அன்றைக்குத்தான் முற்றுப்பெற்றது. அதற்குமேல் மனித குலம் செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை, புல் வெட்டுவதைத் தவிர.

மெர்ல் ஒஹாயோவில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். அவர் கையெழுத்தில்லாமல் அந்த வட்டாரத்தில் ஒருவரும் மேலே போனதில்லை. ஓய்வுபெற்றுக் கடற்கரைக்கு வந்த பிறகும் இடுப்புப் பெல்ட்டில் நூறடி நாடா டேப் ஒன்றை மாட்டியிருந்தார். தேவாலயத்துக்கும் அதோடுதான் போவார். ஒருமுறை பாதிரியாரின் பிரசங்கத்தை அளக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டதாகவும் கேள்வி.

குடியிருப்பின் வாசல் வளைவில் எழுபதடி ஓக் மரம் ஒன்று தங்க நிறத்தில் வரையப்பட்டிருந்தது. தெருக்களுக்கு ஓக் நிழல் தெரு, ஓக் காற்றுத் தெரு, ஓக் கனவுத் தெரு என்று பெயர். இத்தனை ஓக்குகளுக்கும் இடம் வேண்டாமா? அதற்காக அங்கே நின்ற மணல் ஓக்குகளை எல்லாம் கட்டுமான நிறுவனம் புல்டோசர் விட்டு அப்புறப்படுத்தியிருந்தது. தப்பியது ஒன்றே ஒன்று. கடலுக்கும் ஒடெஸ்ஸா விட்டனின் வீட்டுக்கும் நடுவே, மணல்மேட்டின் உச்சியில், உப்புக்காற்று சீவிவிட்ட தலையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பன்னிரண்டு மாதமும் பச்சையாக, வாசல் வளைவிலிருந்த தங்க மரத்துக்கு எந்த விதத்திலும் உறவில்லாத முகத்தோடு அது நின்றது.

ஒடெஸ்ஸா மடவை மீன் பிடித்துப் புகையில் வாட்டி விற்பவர். குடியிருப்பு வருவதற்கு நாற்பது வருடம் முன்பே அங்கே பிறந்தவர். நல்ல தண்ணீர்க் குழாய் தருகிறோம் என்றதால் சங்கத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டார். குழாயோடு விதிப்புத்தகமும் வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம்.

ஜூலை மாதம் ஒரு காலையில் தலைவரும் செயலாளர் கிளெண்டா ஸ்ட்ரவுடும் மணல்மேடு ஏறினார்கள். தலைவர் அளந்தார். செயலாளர் எழுதினார். ஏழு அடி, இரண்டு அங்குலம்.

"ஒடெஸ்ஸாம்மா, உங்க வீட்டு முன்னால ஒரு பிரச்சினை நிக்குது" என்றார் மெர்ல்.

"அது மரம், கண்ணு."

அறுபதைத் தாண்டிய ஒடெஸ்ஸாவுக்கு உலகத்தில் எல்லோரும் கண்ணுதான். எழுபதை நெருங்கும் தலைவர்களும் இதில் அடக்கம்.

"அதைத்தாம்மா நாங்க தீர்மானிக்க வந்திருக்கோம். விதி பதினாலு பாருங்க. பன்னிரண்டு அடி இருந்தா மரம். அதுக்குக் கீழ இருந்தா புதர். புதர் மூணு அடிக்கு மேல வளரக்கூடாது."

"அப்ப நாலடியில இருந்து பதினொரு அடி வரைக்கும்?"

"அப்படி ஒரு செடி இங்க வளர அனுமதியில்ல."

"அடப் பாவமே! அப்ப எந்த மரமும் குட்டியா இருந்து வளரவே கூடாதா?"

"நர்சரியில வளர்ந்துட்டு வரலாம்" என்றார் கிளெண்டா, உதவும் நோக்கத்தோடு.

ஒடெஸ்ஸா சிரிக்கவில்லை. மீன் செதிலை உதறிவிட்டுப் பக்கத்தில் வந்தார். "இதை மூணடிக்கு வெட்டினா ரெண்டே வருஷத்துல மணல் மூடிச் செத்துப்போகும். இது செத்தா மேடு நிக்காது. மேடு நிக்கலேன்னா என் வீடு கடல்ல. சரி, என் வீடு போகட்டும். அதுக்குப் பின்னால யாரு வீடு இருக்குன்னு கொஞ்சம் திரும்பிப் பாரேன்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய வீடுதான் இருந்தது. விதி இருபத்திரண்டின்படி அங்கீகரிக்கப்பட்ட இளமஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அவருக்கு மனநிறைவாக இருந்தது.

"இன்னொண்ணு கேட்டுக்கோ" என்றார் ஒடெஸ்ஸா. "நீ பாக்கறது மரத்தோட தலைய மட்டும்தான். மணல் ஏற ஏற இது மேல வந்துக்கிட்டே இருக்கும். நாங்க ஊஞ்சல் கட்டின கொம்பே இப்ப நாலடி கீழ கிடக்கு. உடம்பு பூரா உள்ள இருக்கு."

இந்த இடத்தில் சாதாரண மனிதராக இருந்தால் தலையைச் சொறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். மெர்ல் ஹாஸ்கெட் சாதாரண மனிதர் அல்ல. அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா சந்தேகத்துக்கு இடம் இருக்கு. சந்தேகம் இருந்தா அளக்கணும். தோண்டிப் பாத்துடுவோம்" என்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் அவித்த வேர்க்கடலையும் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரும் பரிமாறப்பட்ட பின், 'மேற்படி தாவரத்தின் உண்மை உயரத்தைக் கண்டறியும் சிறப்புத் திட்டம்' ஒருமனதாக ஏற்கப்பட்டது. கிளெண்டா மட்டும் ஒரு சின்ன ஐயத்தை எழுப்பினார்.

"சார், மணல்மேட்டைத் தோண்ட மாநில அரசு அனுமதி வேணுமே?"

"அது தோண்டறவங்களுக்கு. நாம தோண்டல, அளக்கறோம்."

கூட்டம் கைதட்டியது. சட்டத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய மனிதரை அந்தக் கரை அதுவரை கண்டதில்லை.

தோண்டும் எந்திரம் வீடுகளின் பக்கமாக வந்தால் புல்தரை கெடும். புல்தரையைக் கெடுப்பது விதி ஒன்று, பிரிவு ஒன்று; அதாவது கொலைக்குச் சமம். ஆகவே எந்திரம் கடல் பக்கமாக வந்தது. மேட்டை நடுவே பிளந்து, பதினைந்தடி அகலத்தில், கடலிலிருந்து ஓக் மரம் வரைக்கும், அங்கிருந்து வெளியேற வழி வேண்டுமே என்று ஓக் கனவுத் தெரு வரைக்கும் நேர்கோட்டில் ஒரு பாதை வெட்டப்பட்டது. அவ்வளவு நேரான கோட்டைத் தலைவர் லிஃப்ட்டில்தான் பார்த்திருந்தார்.

நாலாவது அடியில் ஒரு கொம்பும் அதில் மக்கிப்போன கயிறும் வெளிப்பட்டன. 'அனுமதி பெறாத விளையாட்டுச் சாதனம்' என்று கிளெண்டா குறித்துக்கொண்டார். ஐந்தாவது அடியில் ஒடெஸ்ஸா ஓடிவந்தார்.

"மேல ஏழு, கீழ அஞ்சு. பன்னிரண்டு ஆச்சு. உன் புத்தகப்படியே மரம். நிறுத்து கண்ணு, போதும்!"

"அவசரப்படாதீங்கம்மா. இது தண்டா, வேரான்னு தெரியணும். வேரை உயரத்துல சேக்க முடியாது. அடி எங்கன்னு தெரியாம எப்படிச் சான்றிதழ் கொடுக்கறது?"

"ஐயோ, செப்டம்பர் வரப்போகுது, புயல் காலம்! மேட்டுல ஓட்டை போட்டு வச்சிருக்க!"

"ஓட்டை இல்லம்மா. அளவைப் பாதை."

எட்டாவது அடி, ஒன்பதாவது அடி. தண்டு போய்க்கொண்டே இருந்தது. பக்கவாட்டில் வேறு தண்டுகள் வந்து சேர்ந்துகொண்டன. பதினோராவது அடி தோண்டும்போது அந்த வருடத்தின் பதினோராவது புயல் வளைகுடாவுக்குள் நுழைந்தது. தலைவர் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

காலை பத்து மணிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஷெரிப் ஆபீஸிலிருந்து அறிவிப்பு வந்தது. வெளியேறினார்கள். எந்திரக்காரனும் ஓடிவிட்டான். மெர்ல் மட்டும் போகவில்லை. புயல் அடித்தால் பாதையில் மணல் சரியும். ஆறு வார அளவு வீணாகும். குழியின் அடியில், கையில் மண்வாரியோடு, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கடமையே உருவாக நின்றார்.

மேட்டின் விளிம்பிலிருந்து ஒடெஸ்ஸா கத்தினார். பிக்கப் வண்டி பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. "ஏறி வா! உனக்குப் பைத்தியமா?"

"இன்னும் ஒரே அடிதாம்மா! அடித்தண்டு விரியுது, தெரியுது பாருங்க!"

"பொண்டாட்டி எங்க?"

"நேத்தே அட்லாண்டா போயிட்டா!"

"அவளாவது புத்திசாலி. வாய்யா மேல!"

அவர் வரவில்லை. ஒடெஸ்ஸா அவரையும் அவர் பரம்பரையையும் கடற்கரைக்கே உரிய சொற்களால் வாழ்த்திவிட்டு வண்டியை எடுத்தார். அழுதுகொண்டேதான் எடுத்தார். வீட்டைப் பார்த்து அழுதாரா, குழிக்குள் நின்ற முட்டாளைப் பார்த்து அழுதாரா என்பது அவருக்கே தெரியாது.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மெர்ல் அடியைக் கண்டுபிடித்தார். மொத்தம் பத்தொன்பது அடி, இரண்டு அங்குலம்! "மரம்!" என்று தனியாகக் கூவினார். அதே நேரத்தில் கடலும் பாதையைக் கண்டுபிடித்தது. அதற்காகவே வெட்டியதுபோல, பதினைந்தடி அகலம், நேர்கோடு, எங்கும் தடையில்லை. வந்தது.

அடுத்து நடந்ததைத் தலைவர் தம் அறிக்கையில் 'உயரத்தை நேரில் சரிபார்த்தேன்' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார். உண்மையில் அவர் பத்தொன்பது அடியையும் பதினெட்டு நொடியில் ஏறினார். ஊஞ்சல் கொம்பில் காலை வைத்து, மேல் கொம்பைக் கட்டிப்பிடித்து, காற்று பிடுங்கியபோது இடுப்பு டேப்பை உருவித் தன்னையும் மரத்தையும் சேர்த்து ஒன்பது சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டார். நாலு மணி நேரம் அப்படியே இருந்தார். தண்ணீர் ஓக் கனவுத் தெரு வழியாகப் போய், தலைவரின் இளமஞ்சள் வீட்டை வாசலோடு தூக்கிக்கொண்டு, வாசல் வளைவிலிருந்த எழுபதடி தங்க ஓக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதை அவர் பார்த்தார். அந்தச் சின்ன மரம் நடுங்கியது, வளைந்தது, ஆனால் விடவில்லை. "விட்டுடாதே, விட்டுடாதே" என்று அவர் அதன் பட்டையில் வாயை வைத்துக் கெஞ்சினார். வாழ்நாளில் முதல் தடவையாக எந்த விதி எண்ணும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாலை ஆறு மணி வெளிச்சத்தில் ஒடெஸ்ஸா மடவைப் படகில் வந்தார். தெருவில் படகு ஓட்ட அனுமதியில்லை என்று தலைவர் சொல்ல வாயெடுத்தார். பல் தந்தியடித்ததால் சொல்ல முடியவில்லை. டேப்பை அவிழ்க்க ஒடெஸ்ஸாவுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஒடெஸ்ஸாவின் வீட்டில் படிக்கட்டும் முன்தளமும் போயிருந்தன. மரத்தின் வேர் பிடித்து வைத்திருந்த துண்டு மேட்டின் பின்னால் வீடு அப்படியே நின்றது.

இரண்டு வாரம் கழித்துச் சங்கத்தின் அவசரக் கூட்டம். சங்கக் கட்டடம் இல்லாததால் நாற்காலிகளை ஓக் மரத்தடியில் போட்டார்கள். குடியிருப்பில் நிழல் இருந்த இடம் அது ஒன்றுதான். சுற்றிலும் மணல் அடித்துப்போய் மரம் அடிமுதல் நுனிவரை வெளியே தெரிய, பாதி இலை உப்பில் கருகி மீதி பச்சையாக நின்றது. மெர்ல் அறிக்கையைப் படித்தார்.

"ஒன்று. மேற்படி தாவரம் தன் உயரத்தில் பன்னிரண்டு அடியைப் பல வருடங்களாக மணலுக்குள் மறைத்து வைத்திருந்தது. அதனால் சங்கம் அளக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அதனால் பாதை. அதனால் வெள்ளம். ஆகவே முப்பத்தொரு வீடுகளின் சேதத்துக்கு மேற்படி தாவரமே பொறுப்பு."

"ஆமா ஆமா" என்றார்கள் முப்பத்தொரு வீட்டுக்காரர்களும். யாரையாவது பொறுப்பாக்கினால் அவர்களுக்கும் நிம்மதி.

"இரண்டு. நில மட்டத்தைப் பழையபடி பன்னிரண்டு அடி மணல் கொட்டி உயர்த்த வேண்டும்."

"ரொம்ப நல்லது" என்றார் ஒடெஸ்ஸா. அவர் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது.

"மூன்று. உயர்த்தியபின் மேற்படி தாவரம் ஏழு அடி இரண்டு அங்குலம் இருக்கும். அதாவது புதர். மூன்று அடிக்கு வெட்ட வேண்டும்."

கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. கிளெண்டா மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைக்குமேல் ஒரு கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் டேப் இறுக்கிய தடம் ஒன்பது வரியாகத் தெரிந்தது.

"வேறு ஏதாவது உண்டா?" என்றார் தலைவர், மரபுப்படி.

ஒடெஸ்ஸா எழுந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கண்ணு. எல்லாரும் இருக்காங்க, நிஜத்தைச் சொல்லு. அன்னைக்கு நாலு மணி நேரம் உன்னைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சே, அது மரமா, புதரா?"

மெர்ல் ஹாஸ்கெட் கண்ணை மூடினார். நேர்மையான மனிதர், நெடுநேரம் யோசித்தார்.

"சொல்றதுக்கில்லம்மா" என்றார் கடைசியில். "அந்த நாலு மணி நேரமும் அளக்க முடியல. டேப் என்னையும் அதையும் சேத்துக் கட்டியிருந்துச்சு."