அச்சார் போத்தலில் ஒரு கோள்

ஜெலுத்தோங்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சிக்கந்தர் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா நலம், வாப்பா நலம், கடையில் வியாபாரமும் நலம். நான் செய்த கோள் மட்டும் இறந்துவிட்டது. அங்கே நீங்களும் உங்கள் கருத்துகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், கேட்கத் தேவையில்லை.

இதை வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். காகிதத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. அதனால் மாலையில் இங்கே வரும் ஹபீபா மாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமியும் இந்தக் கடிதத்தில் வருகிறார், பெருமையாக அல்ல.

போன மாதம் நீங்கள் குடும்பக் குழுவில் அனுப்பிய குரல்பதிவு என்னிடம் அப்படியே இருக்கிறது. "உயிர் என்னா பெரிய விஷயம்லா அதிரா? வானத்துல கோடி கோடி கோள் கெடக்கு. எல்லாத்துலயும் ஏதாச்சும் ஒண்ணு ஊர்ந்துக்கிட்டுத்தான் இருக்கும். எங்க கிலாங்ல தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, கையுறை, மூணு கதவு. அப்படியும் எங்கேருந்தோ ஒரு பூஞ்சை வந்து உக்காந்துக்குது. உயிரை வர விடாம பாத்துக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே!" பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு தூசி பறந்தால் பதறுகிற நீங்கள், பிரபஞ்சத்தைப் பற்றி இவ்வளவு கவலையில்லாமல் பேசுவது எனக்கு வியப்பாக இருந்தது. இதுவரை வேறு சூரியன்களைச் சுற்றும் வெளிக்கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றிலும் ஒரு புழுகூட இருப்பதாக உறுதியாகவில்லை. இதைச் சொன்னதற்கு நீங்கள் பினாங்குப் பாலத்துக்கு மேலே பறக்கும் தட்டு என்று ஒரு காணொளியை அனுப்பினீர்கள். அது கல்யாண வீட்டு டிரோன், மாமா. கீழே மாப்பிள்ளையின் கார் தெரிகிறது.

அப்போதுதான் நமக்குள் ஒப்பந்தம் ஆனது. படிவம் ஒன்று, இரண்டு வகுப்பு மாணவர்களுக்கான அறிவியல் கண்காட்சி இந்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில். மூடிய போத்தலுக்குள் ஓர் உயிருலகம் செய்துகொண்டு போக வேண்டும், கண்காட்சிக்கு முந்திய ஏழு நாளும் மூடியைத் திறக்கக் கூடாது. பினாங்கிலிருந்து தேர்வான நாலு பேரில் நான் ஒருத்தி. வாப்பாவால் சனி, ஞாயிறில் கடையை விட்டு நகர முடியாது. உம்மா என்னைத் தனியாகப் பேருந்தில் ஏற்ற மாட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "சனிக்கிழமை வரைக்கும் அதுல ஏதாச்சும் உயிரோட இருந்தா நானே காடியில கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா பேசாம வீட்ல இருக்கணும்." சரி என்றேன். நம் வீட்டு ஆட்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கோளைச் செய்வது எளிதாகத்தான் இருந்தது. உம்மா கடைக்கு அச்சார் போடுகிற பெரிய கண்ணாடிப் போத்தலில் கூழாங்கல், கரி, மண், கீழ்த்தளச் சுவரில் சுரண்டிய பாசி, கொஞ்சம் மழைத்தண்ணீர், ஒரு குட்டி நத்தை. மூடியை இறுக்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தால் போத்தல் பல்கனியில், துணிகளுக்கு நடுவே, உச்சி வெயிலில். "பாசியைப் போயி படுக்கிற எடத்துல வைக்கிறா. வெயில் பட்டாத்தானே செடி வளரும்?" என்றார் உம்மா. மூடிய கண்ணாடிக்குள் போன வெப்பம் வெளியே வராது. வெள்ளிக் கோளுக்கும் இதே கதிதான். கிட்டத்தட்ட பூமி அளவுதான் அது, ஆனால் சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே போய், வெப்பத்தை விடாத காற்றைப் போர்த்திக்கொண்டு, இன்று ஈயம் உருகும் சூட்டில் கிடக்கிறது. இதை உம்மாவிடம் விளக்கினேன். "அப்ப வெயில் தாழ வைக்கிறேன்" என்றார்.

அடுத்தது உங்கள் மனைவி. உள்ளே தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியில் முத்து முத்தாக நின்றது. அது திரும்ப வழிந்து மண்ணுக்குப் போக வேண்டும். அதுதான் என் கோளின் மழை, நான் மூன்று நாளாகக் காத்திருந்த மழை. மாமி பார்த்துவிட்டு, "ஐயோ, நத்தைக்கு எப்படி வேர்க்குது பாரு" என்று எடுத்துப்போய்க் குளிர்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நத்தைக்கு வேர்க்காது, மாமா. இருபது வருடமாக உங்களோடு வாழ்கிறவருக்கு அறிவியல் எங்கிருந்து வரும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். செவ்வாய்க் கோளும் இப்படித்தான் போனது. சின்னக் கோள், பிடித்துவைக்கப் போதுமான ஈர்ப்பு இல்லை, காந்தக் கவசமும் போய்விட்டது, காற்று மெல்ல மெல்லக் கழன்று, இருந்த தண்ணீரும் உறைந்துவிட்டது. செவ்வாய்க்குக்கூடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மாமி ஒரே மதியத்தில் முடித்தார்.

ஆனாலும் பாசி பிழைத்தது. நத்தையும் இரண்டு நாள் கழித்துத் தலையை நீட்டியது. பிறகு நான் அளவெடுத்து ஓர் இடம் கண்டுபிடித்தேன்: புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டு, சன்னலிலிருந்து நாலடி. சூடும் இல்லை, குளிரும் இல்லை, தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். சூரியனைச் சுற்றி அப்படி ஒரு மெல்லிய வளையம்தான் உண்டு, அதில்தான் நாம் இருக்கிறோம். நம் வீட்டில் அந்த வளையம் ஒன்றரை முழம். யாரும் தொடக் கூடாது என்று போத்தலிலேயே காகிதம் ஒட்டினேன்: "திறக்காதீர்கள். உள்ளே உயிர் இருக்கிறது."

அந்தக் காகிதம்தான் வினை. உம்மாவும் அச்சார் போத்தலில் இப்படித்தான் காகிதம் ஒட்டுவார், என்றைக்குப் போட்டது, என்றைக்குத் திறக்கலாம் என்று எழுதி. போன சனிக்கிழமை விடிந்ததும் வாப்பா கண்ணாடி போடாமல், எந்தக் காகிதத்தையும் படிக்காமல், வீட்டில் எத்தனை போத்தல் கண்ணில் பட்டதோ அத்தனையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அலமாரியில் ஏன் அச்சார் இருக்கப்போகிறது என்று கேட்டதற்கு, "உங்க உம்மா புதுசா ஏதோ ஊற வச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

என் கோள் எங்கள் நாசி கண்டார் சோற்றுக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் விளக்குக்குக் கீழே, கோழி மிளகுக்கும் மீன் தலைக் குழம்புக்கும் இடையில் உட்கார்ந்தது. நண்பகலில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் மோகனராஜ் அண்ணன் சாப்பிட வந்தார். நடந்ததை வாப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னதால் எனக்கு வரிக்கு வரி தெரியும்.

"பாய், அது என்னா பச்சைக் குவா? புதுக் குழம்பா இருக்கு?"

"வீட்டுல போட்டதுண்ணே."

"அப்ப ஊத்துங்க பாய். எல்லாக் குவாவும் ஊத்துங்க, சோறு முங்கணும், பஞ்சிர்!"

வாப்பா மீன் குழம்புக் கரண்டியை அப்படியே என் வளிமண்டலத்துக்குள் விட்டார். ஒரு கரண்டி சோற்றில் போனது. மோகனராஜ் அண்ணன் மென்று பார்த்து, "கொஞ்சம் மண் வாசனை பாய், ஆனா வயித்துக்கு நல்லதா இருக்கும்போல" என்றார். பிறகு, "கெராங் சிப்பி மட்டும் இன்னும் வேகல" என்று நத்தையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். தட்டு கழுவப் போனது. பூமியில் உயிர் தோன்றி முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகள் பாடுபட்டு ஒரு நத்தையைச் செய்தது, மாமா. அதற்குக் கடைசியில் கிடைத்த பெயர் வேகாத கெராங்.

வாப்பா எதையும் சுத்தமாக மூடிவைப்பவர். மூடியை இறுக்கித் திருகி மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே மண்ணின் மேல் சிவப்பு எண்ணெய் ஏடு, அதில் மிதக்கும் கறிவேப்பிலை. நான் அதைப் பார்க்கவே விரும்பாமல் கழுவுதொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். செய்தி கேட்டு நீங்கள் அனுப்பிய பதில்: "செத்துருச்சா? வேற ஒண்ணு செஞ்சுக்கலா. பாசிக்கா பஞ்சம்?" அதன் பின்னால் நாலு சிரிக்கிற முகம்.

வேறொன்று செய்ய நாள் போதாது. ஆகவே நான் கோலாலம்பூருக்கு வரவில்லை. ஆசிரியையிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்கிறேன். தேர்வான மற்ற மூவரும் போவார்கள், படம் அனுப்புவார்கள், நான் கட்டைவிரல் காட்டுவேன். ஆனால் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். சரியான தூரம், சரியான எடை, சரியான காற்று, தண்ணீர் எல்லாம் அமைந்த பிறகும், என்மேல் அன்புள்ள மூன்று பேர் வீட்டில் இருந்தாலே ஒரு கோள் ஒரு மாதம் தாங்காது. வானத்தில் எல்லா இடத்திலும் உயிர் ஊர்கிறது என்று சொன்னதை நீங்கள் குடும்பக் குழுவில், எல்லோரும் பார்க்க, திரும்பப் பெற வேண்டும். சிரிக்கிற முகம் வேண்டாம்.

உங்கள் உடல்நலத்துக்கும் மாமியின் உடல்நலத்துக்கும் துஆ செய்கிறேன். உங்கள் அறிவுக்குத் தனியாகச் செய்கிறேன்.

இப்படிக்கு,
மதிப்புக் குறையாத, வருத்தமும் குறையாத மருமகள்
அதிரா

பி.கு.: மாமி வந்துவிட்டார், ஆனால் நான் இன்னும் உறையை ஒட்டவில்லை. உம்மா போத்தலைக் கழுவக் கேட்டார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணெய் ஏட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று வளர்ந்திருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் பச்சையாக இரண்டு கறை, நான் வைத்த பாசி இல்லை, வேறு. மண்ணுக்குள் நூல் போல வெள்ளையாக நெளிகிறது, ஏழு எண்ணினேன், எட்டாவது ஒளிந்துகொண்டது. நான் பார்த்துப் பார்த்து வைத்தது எதுவும் இல்லை. வாப்பா மூடியது போன சனிக்கிழமை மதியம், ஞாயிறு வந்தால் எட்டு நாள். விதியில் உயிர் என்றுதான் போட்டிருக்கிறது, எந்த உயிர் என்று போடவில்லை. மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், குழுவில் எதையும் திரும்பப் பெறவும் வேண்டாம். நாளைக் காலை ஆறு மணிக்குக் கீழே நிற்பேன். போத்தல் என் மடியில்தான் வரும், நீங்கள் திறந்து முகர்ந்து பார்க்கக் கூடாது. கண்காட்சிப் படிவத்தை இப்போதுதான் நிரப்பி முடித்தேன். உயிரினத்தின் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், "அழைக்காமல் வந்தவர்கள்" என்று எழுதியிருக்கிறேன்.