குமிழில் குடியிருந்த உயிர்

சுருங்கிய பாட்டுக்கு உயிர் கொடுக்கிறாராம்! செய்தி பரவியதுதான் தாமதம். ஊரே செல்பேசியும் கையுமாக அந்த மாடிக்கடைக்குப் படையெடுத்தது. 'நாதமாமணி' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட கடைக்காரர், சிறிய ஒலிக்கோப்பைக் கணினிக்குள் செலுத்துவார். பத்து மடங்கு பருத்து அது வெளியே வரும். அதை ஒலிக்கவிடும்போது அவர் கை ஒலிபெருக்கியின் குமிழையும் மெல்லத் திருகும். திரையில் கோப்பின் அளவு ஏற ஏறக் கூட்டத்தின் வாயும் அகன்றது. ஈக்களுக்கு நல்ல காலம்.

வரிசையில் தையற்காரரும் நின்றார். மறைந்த மனைவியின் குரல்பதிவு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் வசவு. "யாரு எதைச் சொன்னாலும் நம்பிடுவீங்களா? கொஞ்சமாவது…" அதற்கு மேல் ஒரே கரகரப்பு. செல்பேசி விட்டுச் செல்பேசி மாறியதில் குரல் நசுங்கிப்போயிற்று. அந்தக் கடைசிச் சொல்லை அறியாமல் மனிதருக்கு உறக்கமில்லை.

கோப்பு பருத்தது. கரகரப்பும் சேர்ந்தே பருத்தது.

"கடைசி வார்த்தை கேக்கலையே, ஐயா?"

"பழசை அழிச்சாத்தான் வரும். பழைய உடம்பு இருக்கிறப்போ புது உயிர் எப்படித் தங்கும்?"

தையற்காரரின் விரல் அழிக்கும் பொத்தானை நெருங்கியது.

"மாமா, கையை எடுங்க!" உடன் வந்த கொழுந்தியாள் பாய்ந்து பிடித்தாள். "அக்கா குரலோட அசல் இது ஒண்ணுதான் மிச்சம். வெட்டிப் போட்ட துணியைப் பெரிய பீரோவுல வெச்சா வளர்ந்துடுமா?"

"இது துணி இல்லம்மா, நாதம்!" என்று நாதமாமணி கண்களை மூடிக்கொண்டார்.

"அப்ப கண்ணை மூடியே இருங்க. நான் ரெண்டு தடவை போடறேன். எது புதுசுன்னு சொல்லுங்க."

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவள் ஒலிக்கவிட்டாள்.

"இது பழசு! உயிரே இல்லை."

மறுபடியும் ஒலிக்கவிட்டாள்.

"ஆகா! புதுசு! தேன்!"

"தேன்! தேன்!" என்றது கூட்டம்.

அவள் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "ரெண்டு தடவையும் பழசுதான் ஓடுச்சு. ரெண்டாவது தடவை இந்தச் சத்தக் குமிழைக் கொஞ்சம் திருகினேன். நீங்க தினமும் திருகற மாதிரியே!"

"ஐயோ, இவர் பேச்சைக் கேட்டு என் பாட்டோட அசலையெல்லாம் அழிச்சிட்டேனே!" என்று பின்வரிசையில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். மாமணியோ பட்டத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பின்படி வழியாக நழுவினார்.

தையற்காரர் படியில் அமர்ந்து பழைய வசவையே மீண்டும் கேட்டார். "கொஞ்சமாவது…" கரகரப்பு.

"மிச்சத்தை நான் சொல்லட்டுமா, மாமா?"

"வேண்டாம்மா. 'யோசிங்க'ன்னுதான் சொல்லியிருப்பா."

எந்தக் கணினியும் மீட்டுத் தராத சொல்லைத் தலை மீட்டுத் தந்தது. அந்தக் கருவி எல்லார் கழுத்தின் மேலும் இருக்கிறது. அதற்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை.