கொமென்றி அண்ணையும் கோல் போட்ட சிப்பாயும்

வாயை மூடிக்கொண்டிருக்கும்படி கடவுளே நேரில் இறங்கி வந்து கேட்டாலும், "இதோ, கடவுள் இடது பக்கத்தால உள்ளுக்கு வாறார், கையில பந்து இல்லை!" என்று நேரடி வர்ணனை செய்யக்கூடிய ஒரே மனிதர் மன்னாரில் இருக்கிறார். ஊர் அவரைக் 'கொமென்றி', அதாவது வர்ணனை, என்று அழைக்கும். இளையவர்கள் மரியாதையாக 'கொமென்றி அண்ணை' என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சுவாமியாரும் காலமாகிவிட்டார்.

தொழில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. தேவாலயத் திருநாள், கோயில் திருவிழா, மீலாத் விழா எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்கள்தான் கத்தும். ஆனால் அவருடைய உயிர் உதைபந்தாட்ட வர்ணனையில் இருந்தது. மன்னாரில் பிள்ளைகள் நடை பழகுவதே பந்தை உதைப்பதற்காகத்தான் என்பதால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒருமுறை எதிரணி வீரன் பந்தோடு ஓடி வந்த அழகை அவர் வர்ணித்த விதத்தில், கோல் காப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டபடியே நின்றுவிட்டார். பந்து உள்ளே போனது. "ஏன்டா பிடிக்கேல்லை?" என்று தலைவர் பாய்ந்தபோது, "என்ன செய்ய அண்ணை, கேட்க நல்லா இருந்தது" என்றாராம்.

மைதானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்துத் தாராபுரத்தில் ஒரு கலியாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டப் போனவர், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சகன் விருந்தைப் பார்த்ததும் கட்டுப்பாட்டை இழந்தார். "மூண்டாவது சகன்ல பலத்த போட்டி! நீலச் சேட்டு மச்சான் இறைச்சித் துண்டை நோக்கி முன்னேறுறார்... ஆகா, மாமனார் குறுக்க வந்து தட்டிப் பறிச்சிட்டார்!" அந்த நீலச் சட்டைக்காரர் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் எந்த விருந்துக்கும் போகவில்லை. பல் பிடுங்கப் போன இடத்திலும், வாய்க்குள் பஞ்சு இருக்கும்போதே, "டொக்டர் பல்லுப் பிடுங்கிற குறடைக் கையில எடுக்கிறார்... கை கொஞ்சம் நடுங்குது..." என்று தொடங்கி, வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் அவர்.

நான் அப்போது மன்னாரில் ஒரு வங்கியில் உத்தியோகம். கரையோரம் பற்றி ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசைக்கடியில் போனை வைத்துச் சதுரங்கம் விளையாடிக்கொண்டிருந்தேன். கவுண்டருக்கு வெளியே கணீரென்று ஒரு குரல் எழுந்தது.

"வரிசை வளருது, சனம் வேர்க்குது, சேர் போனில குதிரை ஓட்டுறார்!"

முழு வங்கியும் திரும்பிப் பார்த்தது. எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

இனி ஸஹ்ராவுக்கு வருவோம். மன்னார்ச் சந்தையில் மீன் விற்கும் றியாஸ் நானாவின் மகள். தாராபுரம். பதினைந்து வயது. காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்குச் சின்னக் குரல். அந்தப் பிள்ளை கொழும்பில் தேசிய மகளிர் சதுரங்கப் போட்டியில் ஒவ்வொருவராக விழுத்திக்கொண்டு போய், கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரில், பல தடவை சம்பியனான ஒருவர். அவர் அரைப் புள்ளி முன்னால் இருந்தார். அதனால் சமன் செய்தும் பயனில்லை. வென்றால் மட்டுமே பட்டம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கூடப் போயிருந்த உம்மா மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்: "இதோட போர்டை அலுமாரிக்கு மேல வைக்கிறது. சோதினை முடியட்டும். வெண்டால் மட்டும் பாப்பம்." உம்மாமாரின் அகராதியில் 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

செய்தி காதில் விழுந்ததும் கொமென்றி அண்ணை வங்கிக்கு ஓடி வந்தார்.

"சேர், எங்கட பிள்ளை ஃபைனல் விளையாடுது. நேரடி வர்ணனை இல்லாமல் விடேலாது. சனிக்கிழமை பின்னேரம் வந்திடுங்கோ."

"அண்ணை, சதுரங்கத்துக்கு யாராவது வர்ணனை செய்யிறவையே? அது பேசாமல் இருந்து விளையாடுற விளையாட்டு."

"அதாலதான் அது இன்னும் முன்னுக்கு வரேல்லை. நீங்கள் நிபுணர். பக்கத்தில நிண்டு காயை விளங்கப்படுத்தினால் போதும்."

"நான் போனில விளையாடுறனான். அதுவும் தோக்கிறனான்."

"தோக்கிறதுக்கும் சட்டம் தெரிஞ்சிருக்க வேணும்தானே சேர்?"

சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது, அவருடைய கடைக்கு முன்னால் ரோட்டிலே, மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பால் பெரிய சதுரங்கப் பலகை கீறியிருந்தது. கூரையில் குழாய்கள் நாலு திசையும் பார்த்தன. சின்னச் சோடாப் போத்தல்கள் சிப்பாய்கள், பெரியவை மற்றக் காய்கள். வெறும் காஸ் சிலிண்டர் ராஜா. அவருடைய மனைவி பிலோமினா அக்காவின் பித்தளைக் குடம் எங்கள் ராணி. "என்ரை குடத்தில ஒரு நசுக்கு விழுந்தாலும் நீங்கள் இண்டைக்கு வெளியிலதான் படுக்கை" என்று அக்கா ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார். சனம் தேரடிக்குக் கூடுவதுபோலக் கூடிவிட்டது. றியாஸ் நானா முன்வரிசைக் கதிரையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கொழும்பில் ஆடும் ஆட்டம் ஒவ்வொரு நகர்வாக இணையத்தில் வரும். நான் போனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு ஓடிப்போய் அந்தக் காயைத் தூக்கி வைக்க வேண்டும். அவர் ஊருக்கு அறிவிப்பார்.

"குதிரையை வெளியில எடுத்திருக்கிறா" என்றேன்.

"கழுதை வெளிக்கிட்டிட்டுது!" என்று குழாய்கள் அதிர்ந்தன.

"அண்ணை, அது குதிரை."

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "சேர், மன்னாரில ஆர் குதிரையைக் கண்டது? ரோட்டு ரோட்டாத் திரியிறது கழுதைதானே, கழுதை எண்டால்தான் எங்கட சனத்துக்கு ஒட்டும்." சரியாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு 'கழுதை' பாயும்போதெல்லாம் சனம் துள்ளியது.

விபரீதம் சற்று நேரத்தில் வந்தது. எதிராளி எங்கள் பிஷப்பை வெட்டினார். நான் சொன்னேன். அவரும் உணர்ச்சி பொங்கச் சொன்னார்.

"ஐயோ! பிஷப்பை வெட்டிப்போட்டாங்கள்!"

கடைக்கு முன்னால் நின்றவர்களுக்கு விளங்கியது. ஆனால் குழாய்கள் நாலு திசைக்கும் அல்லவா பேசின? தேவாலயப் பக்கமிருந்து செபமாலையோடு பெண்கள் ஓடிவந்தார்கள். "எங்க? எந்த ஆசுபத்திரிக்குக் கொண்டு போட்டினம்?" ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். "மொகத மே? என்ன இது? யாரு வெட்டினது?"

நான் விழுந்து கிடந்த பெரிய சோடாப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். "இவர்தான் சேர் பிஷப்."

சார்ஜன்ட் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்துப் பட்டியைப் பார்த்தார். படித்த மனிதனுக்கு இப்படி நேர்ந்துவிட்டதே என்ற இரக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"தமிழில அதுக்கு வேற பேர் இல்லையா?" என்று கேட்டார்.

"மந்திரி எண்டும் சொல்லுறது" என்றேன்.

"மந்திரியை வெட்டினது எண்டும் சொல்ல வேணாம்!" என்று அவர் பதறினார். "எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வரும்."

கடைசியில், கோணலாகப் போவதால் 'கோணலன்' என்று பெயர் வைத்தோம். சார்ஜன்ட் எச்சரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்து எதிராளி யோசிக்கத் தொடங்கினார். யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டேயிருந்தார். உதைபந்தாட்டத்தில் ஒருவர் இவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். ஆனால் கொமென்றி அண்ணைக்குக் காற்றில் ஓர் இடைவெளி இருப்பது பொறுக்காது. சனத்தையே வர்ணிக்கத் தொடங்கினார். "றியாஸ் நானா பிளேன்டீயைத் தூக்குறார்... வாய்க்குக் கிட்டக் கொண்டு போறார்... இல்லை, திருப்பி வைக்கிறார். நாலாந்தரமும் குடிக்கேல்லை! சார்ஜன்ட் சேர் தொப்பியைக் கழட்டுறார். முன்னுக்குக் கொஞ்சம் மயிர் குறைவு..."

"ஏய்!" என்றார் சார்ஜன்ட்.

பிறகு ராணிகள் மோதின. எங்கள் ராணி அவர்கள் ராணியை வெட்ட, அவர்கள் எங்கள் ராணியை வெட்டினார்கள். "ரெண்டு பேருக்கும் சிவப்பு அட்டை!" என்று அண்ணை கத்தினார். சனத்தில் ஒரு பெருமூச்சு. பிலோமினா அக்கா விறுவிறென்று பலகைக்குள் நடந்து வந்தார். "ராணி வெளியாலதானே? தண்ணி பவுசர் வந்திட்டுது" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காய்கள் குறைந்துபோயின. றியாஸ் நானா எழுந்து வந்து என் காதுக்குள் கேட்டார். "தம்பி, உள்ளதைச் சொல்லுங்க. புள்ள தோக்கிறாளா?"

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "இடது ஓரத்தில ஒரு சிப்பாய் இருக்கு நானா. அதை மறிக்க ஆள் இல்லை" என்றேன்.

கொமென்றி அண்ணையின் முகம் மலர்ந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சதுரங்கம் அவருக்கு விளங்கிவிட்டது. ஓரத்தால் ஓடுகிற ஒருவன்! மறிக்க ஆள் இல்லை!

"இதோ எங்கட பெடியன் லெஃப்ட் விங்கால வெளிக்கிட்டிட்டான்!"

ஸஹ்ரா ஒரு அடி வைத்தாள். சனம் எழுந்தது. எதிராளியின் ராஜா தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். இன்னொரு அடி.

"ஏன் சேர் ஒவ்வொரு அடியாப் போறான்? ஓடச் சொல்லுங்கோ!"

"ஓடேலாது அண்ணை. சட்டம்."

"என்ன சட்டம்! பெக் வாறான், மறிக்க வாறான், ராஜா தானே பெக்குக்கு வாறார்! எட்டேலாது ராஜா, உங்களுக்கு வயசு போட்டுது! போடா மோனே, போ!"

சார்ஜன்ட் கதிரைக்கு மேல் ஏறி நின்றார். செபமாலைப் பெண்கள் அதே செபமாலையைச் சிப்பாய்க்காக உருட்டத் தொடங்கினார்கள். கடைசிக்கு முந்திய கட்டத்தில் சிப்பாய் நின்றபோது போனில் வட்டம் சுழலத் தொடங்கியது. சுழன்றது. சுழன்றுகொண்டேயிருந்தது. நான் போனை வானத்துக்குத் தூக்கினேன். ஒருவர் என்னையே தூக்கினார். அவருடைய தோளில் இருந்தபடி பார்த்தேன். வந்துவிட்டது.

"கடைசிக் கட்டத்துக்குப் போட்டான் அண்ணை!"

"கோ...ஓ...ஓ...ல்!"

அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்த காகங்கள் இந்தியாப் பக்கம் பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தோளிலிருந்தபடியே, இப்போது அந்தச் சிப்பாய் ராணியாக மாறிவிடும் என்று கத்தினேன்.

அண்ணை மைக்கை மறந்து வாயைப் பிளந்தார். "பெடியன் ராணியா மாறுவானோ?"

"ஓம்."

"செத்த ராணி உயிர்த்தெழுந்திட்டா!" என்று அடுத்த கணம் குழாய்கள் அலறின. "பிலோமினா! குடம்! குடத்தைக் கொண்டு ஓடி வா!"

அக்கா நிறைகுடத்தோடு ஓடிவந்தார். பாதித் தண்ணீர் சார்ஜன்ட் மேல் கொட்டியது. மீதி, தோளிலிருந்து இறங்கிய என் மேல். ஈரக் குடத்தைக் கடைசிக் கட்டத்தில் வைத்த அதே நேரம் போன் மினுங்கியது. எதிராளி ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

"முடிஞ்சுது அண்ணை. ஸஹ்ராதான் சம்பியன்."

எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். அவர் மைக்கைத் தூக்கினார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். கடைசியில், "அல்ஹம்துலில்லாஹ்" என்று றியாஸ் நானா சொன்னதுதான் மைக்கில் கேட்டது. நானா தரையில் உட்கார்ந்து ஒரு சோடாப் போத்தலைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்.

ஸஹ்ரா ஊருக்கு வந்த அன்று மன்னார்த் தீவுக்குள் நுழையும் பாலத்தடியிலிருந்து ஊர்வலம். திறந்த லொறியில் பிள்ளையும் உம்மாவும் வாப்பாவும். முன்னால் கொமென்றி அண்ணை மைக்கோடு, தொண்டை கட்டும்வரை. பஸ் நிலையத்துக்கு முன்னால் லொறி நின்றது. பிள்ளை பேச வேண்டும் என்று சனம் கத்தியது. அதுவரை எந்த அமைச்சருக்கும் விட்டுக்கொடுக்காத மைக்கை அவர் பிள்ளையின் கையில் கொடுத்தார். பிள்ளை பேசியது. காற்றுக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் ஓடிப்போய் அம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் குந்தி, திருகியைத் திருகினார், இன்னும் திருகினார், அந்தச் சின்னக் குரல் ஊர் முழுக்கப் போய்ச் சேருமட்டும் திருகினார்.

"எல்லாருக்கும் நன்றி. நான் இனியும் விளையாடுவன். உம்மாவும் ஓம் எண்டவ."

"நான் எப்படி சொன்ன? எப்ப சொன்ன?" என்று உம்மா பக்கத்தில் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பும் ஊர் முழுக்கக் கேட்டது. சனம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லாக் கண்களும் உம்மாவின் மேல். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"சரி... ஓம்."

இதுவும் கேட்டது. கொமென்றி அண்ணை கையைத் திருகியிலிருந்து எடுக்காமல், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், குந்தியபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு இடமாற்றம் வந்து, கடலே இல்லாத ஓர் ஊரில் இருக்கிறேன். இங்கே வங்கியில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். சில பின்னேரங்களில், காரணம் ஒன்றும் இல்லாமல், அவருக்குப் போன் எடுப்பேன். "சேர், கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து ஒரு மழை வெளிக்கிட்டு வருகுது. பாலத்தில ஏறிட்டுது. சைக்கிள்காரர் இறங்கி ஓடினம்..." என்று அவர் தொடங்குவார். அந்த மழை அவருடைய கடை வாசலுக்கு வந்து சேரும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பேன்.