படகெலும்பும் குப்பை வண்டியும்

கீலுங்,
மழை நாள் (இங்கே வேறு நாள் ஏது).

அன்புள்ள பி-யுன்னுக்கு,

உன் வீட்டுக்காரன் மிங்-தாவ் எழுதுவது. இங்கே இடது கை நீங்கலாக நான் சுகம். அங்கே நீ, மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சுகமாயிருக்க முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். தொலைபேசியில் நான் வாயைத் திறந்ததும் பேத்தி அழுகிறாள், நீ வைத்துவிடுகிறாய்; அதனால்தான் கடிதம்.

மருமகளுக்குப் பிரசவப் பத்தியம் பார்க்க, தெற்குக் கோடியிலிருக்கும் கௌஷியுங் போனாய். ஒரு மாதம் என்றாய். இது ஐந்தாவது. நீ போன மறுவாரம் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருஷமாக அந்தப் பாட்டுக்கு ஓடியவள் நீ. எனக்கு அது வெறும் பாட்டு. மீன்முள் நாற்றம் தாங்காமல் அன்று பையைத் தூக்கிக்கொண்டு, அவசரத்தில் உன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, ஈரப் படியில் சறுக்கி, இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். வண்டி நிற்கவில்லை. மாடிவீட்டு சியூ அம்மா மட்டும், "அண்ணே, முதல்ல பையைக் குடுங்க, எந்திரிக்கிறது அப்புறம் ஆகட்டும்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

சுளுக்கு என்று உன்னிடம் சொன்னது பொய்யல்ல. கட்டுப் போடும் வைத்தியரும் அப்படித்தான் சொல்லிப் பச்சிலைப் பற்றுப் போட்டார். மூன்று வாரம் தெருவே மணத்தது, வலி போகவில்லை. பிறகு டாக்டர் யென் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"படகெலும்பு நடுவுல உடைஞ்சிருக்கு ஐயா. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுல, முந்திரிக்கொட்டை அளவு எலும்பு. இதுக்கு ரத்தம் பக்கத்து வாசல் வழியா வராது. தாண்டிப் போயி, விரல் பக்கமா நுழைஞ்சு, திரும்பி வரும். நடுவுல உடைஞ்சா இந்தப் பக்கத்துத் துண்டு பட்டினி. ஒட்ட மாசக்கணக்கா ஆகும். ஒட்டாம செத்தும் போகலாம்."

"எங்க தெருக் குப்பை வண்டி மாதிரியா? அதுவும் எங்க வீட்டைத் தாண்டிப் போயி, கோடியில திரும்பித்தான் வரும்."

"அதேதான்! நடுவுல ரோடு உடைஞ்சா உங்க வீட்டுக்கு வண்டி கிடையாது."

மாவுக்கட்டோடு திரும்பும்போது பேருந்தில் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய். சிரி. நீயும் என்னைத் தாண்டிக் கோடிக்குப் போய்விட்டாய். இந்தப் பக்கத்துத் துண்டு நான். ஒரு ஆளுக்கு மீன் சூப் எவ்வளவு என்று அளவு தெரியாமல் தினமும் இரண்டு கிண்ணம் வைத்து, இரண்டையும் நானே குடிக்கிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பி-யுன்.

நேற்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எலும்பு இன்னும் ஒட்டவில்லை, இன்னும் மூன்று மாதம் வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும். சியூ அம்மாவா வருவாள்? ஆகவே நீ உடனே ரயில் ஏறவும்.

மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். பேத்தி நூறு வயது வாழட்டும். என் குரலுக்கு அழாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோ மிங்-தாவ்

பின்குறிப்பு: நீ டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்பாய் என்று தெரியும். வேண்டாம். போன செவ்வாயே மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கல் மாதிரி ஒட்டிவிட்டதாம். நீ வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமல் வா.