கழுவி விளைந்த கேரட்

கார்த்திகை பிறந்ததும் விவசாயி சேட்டு ஒரு தீர்மானம் செய்தார். எப்படியாவது பெண்டாட்டியைச் சாப்பிட வைத்துவிட வேண்டும்.

ஆடியில் மகள் கனிமொழி காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு சுலோச்சனா தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. "நீ சாப்டு மொதல்ல" என்பார். "எனக்கு வேணா, நீ சாப்டு" என்பாள். சேட்டு சாப்பிடாதது வேறு சங்கதி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடப்பவருக்கு எதற்குப் பசி?

கரீமுல்லா பாயின் தள்ளுவண்டியில் கேரட் வாங்கி வந்து நீட்டினார்.

"ஊட்டி கேரட்டா? வேணா. நம்ம கொல்லையில வெளஞ்சா ஒரு வாய் சாப்டறேன்."

"திருத்தணி வெயிலுக்கு கேரட் எங்கமே வெளயும்?"

"அப்ப உடு."

விடுவாரா? காலமெல்லாம் நெல் போட்ட கை. விதை வாங்கினார். மூலையில் நாற்றங்கால் விட்டார். நாற்று எழும்பியதும் பிடுங்கி, கயிறு பிடித்து, வரிசை தப்பாமல் நட்டார். கேரட்டை விதைத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும், பிடுங்கி நட்டால் கிழங்கு கிளை பிரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

மார்கழியில் மலைக்கோயில் பாட்டு கேட்டதும் எழுந்து தண்ணீர் ஊற்றினார். களைத்துப்போய் நின்றபடியே கூழ் குடித்தார். அதைச் சாப்பாடாக அவர் எண்ணவில்லை. ஒருநாள் தழை செழித்திருப்பதைக் காட்ட, "கனி" என்று வீட்டுப்பக்கம் குரல் கொடுத்துவிட்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது.

மாசியில், சுலோச்சனா கடைக்குப் போயிருந்தபோது பிடுங்கிப் பார்த்தார். எல்லாம் விரல் நீளம். ஒன்றுக்கு இரண்டு கால், ஒன்றுக்கு மூன்று. சில ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. இதைக் காட்டினால் அந்த ஒரு வாயும் போய்விடும். தழையைத் திருகி வைத்துக்கொண்டு, கிழங்குகளை எருக்குழியில் போட்டு மூடினார். நேராகப் பாயிடம் போனார்.

"தழையோட கேரட் இருக்குதா பாய்?"

"தழைய அங்கியே அறுத்துட்டுதாண்ணே அனுப்பறாங்க. எதுக்கு, ஆட்டுக்கா?"

"ஆங். ஆட்டுக்குதான்."

"உங்களாண்ட ஆடு ஏதுண்ணே?"

மொட்டைக் கேரட்டாகவே வாங்கி வந்தார். வரிசையாகப் புதைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் தான் திருகி வைத்த தழையைச் செருகினார். மறுநாள் காலையில் சுலோச்சனாவைக் கூப்பிட்டார்.

"நீயே புடுங்கு."

அவள் குனிந்து இழுத்தாள். தழை மட்டும் கையோடு வந்தது. அடுத்ததை இழுத்தாள். அதுவும் தழைதான். சேட்டு வேப்பமரத்தைப் பார்த்தார். அவள் மண்ணை விரலால் கிளறி ஒரு கேரட்டை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா கழுவிட்டு வெளஞ்சிகீது."

"என்னுது சரியா வரலமே. நீ சாப்ட மாட்டியோன்னுதான்."

"தெரியும். எருக்குழியில கெடந்தத பொறுக்கி, ராத்திரி கூட்டு வெச்சேன். ரெண்டாந்தபா கேட்டு வாங்கி சாப்ட்டியே."

"அது பூசணிக்கா இல்ல?"

"கேரட்டு."

சேட்டு வரப்பில் உட்கார்ந்தார். "அப்ப நீ? ஒரு வாய் சாப்டறேன்னியே."

"நான் தெனைக்கும் சாப்ட்டுகினுதான் இருந்தேன். அடுப்பாண்ட குந்திகினு. யாராவது ஒருத்தர் எழுந்து நிக்க வேணாமா? நீ செவுத்த பாத்துகினு இருந்த, உனக்கு எங்க தெரியும்?"

சேட்டு கீழே கிடந்த தழையைப் பொறுக்கினார்.

"என்ன எழுப்பறதுக்கு கேரட்டுதான் கேக்கணுமா? கீர கேட்டிருந்தா சுளுவா குடுத்திருப்பேனே."

"குடுத்துட்டு திரும்ப படுத்திருப்ப."

அவர் காலிப் பாத்தியைப் பார்த்தார். "இப்பவும்தான் முடிஞ்சிபோச்சு."

"ஆங். இனிமே எனக்கு மஞ்சளும் கடையில வாங்குனா ஆவாது."

"மஞ்ச வர பத்து மாசம் ஆவும்மே."

"தெரியும். மம்பட்டி உன் பின்னாலதான் கீது, எடுத்துகினு வா," என்றாள்.